சீதனமாகப் போன எஞ்சின்

அக்கா,

நேற்று நான் உடுத்திருந்த சேலையில் இன்னும் டீசல் புகை மணக்கிறது. துவைக்கப் போடாமல் கொடியில் விரித்து விட்டிருக்கிறேன். உன் மகள் வதனி இரண்டு தரம் மூக்கைச் சுளித்துக்கொண்டு அதைக் கடந்து போனாள். "ஊறப் போடட்டா சின்னம்மா?" என்று கேட்டாள். "கிடக்கட்டும்" என்றேன். உன்னுடைய உடுப்பெல்லாம் ஒரு காலத்தில் இப்படித்தான் மணத்தது. அக்காவுக்குப் பக்கத்தில் படுக்க மாட்டேன் என்று நான் அம்மாவிடம் அழுதது உனக்கு ஞாபகம் இருக்கும்.

உன் எஞ்சின் நேற்று ஓடியது. மட்டக்களப்பில், வாவியோரத்து மைதானத்தில், அத்தனை சனத்துக்கு நடுவில். அதைப் பார்க்க அவனும் வந்தான்.

அவன் என்று சொன்னால் நீ கோபிப்பாய். "என்ன இருந்தாலும் உனக்கு அத்தான், மரியாதையாச் சொல்லு" என்பாய். நீ இருந்தவரைக்கும் உனக்காக வாயை அடக்கினேன். இப்போது அடக்குவதற்கு ஆளில்லை. ஆகவே அவன் என்றே சொல்கிறேன், கேட்டுக்கொள்.

வாவிக்கு அந்தப் பக்கம் வெள்ளைக்காரன் ஒருவனின் தென்னந்தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கத்தான் அந்த எஞ்சின் கப்பலில் வந்ததாம். தோட்டம் கைமாறிக் கைமாறிக் கடைசியில் துண்டு துண்டாக விற்கப்பட்டபோது, இடிந்த கொட்டிலுக்குள் கறையான் புற்றோடு கிடந்ததை அப்பா வாங்கினார். இரண்டு வள்ளங்களைச் சேர்த்துக் கட்டி, மேலே பலகை பரப்பி, வாவியால் கொண்டு வந்தார்கள். நீயும் நானும் தன்னாமுனைக் கரையில் நின்று பார்த்தோம். வள்ளத்தின் விளிம்பைத் தண்ணீர் தொட்டுத் தொட்டு விலகியது. அப்பா எஞ்சினுக்கு மேலேயே ஏறி உட்கார்ந்திருந்தார். "அது தாழ்ந்தா இந்த மனிசனும் சேந்து தாழட்டும்" என்று அம்மா கரையில் நின்று திட்டினா. கரை சேர்ந்ததும் எல்லோருக்கும் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்ததும் அவதான்.

அப்பா அதற்கு ஒரு கொட்டில் போட்டு, சீமெந்தில் மேடைபோல ஒரு கட்டுக் கட்டி, அதில் நான்கு பெரிய போல்ட்டுகளால் இறுக்கினார். பக்கத்தில் நெல்லுக் குத்தும் மெசினை வைத்துப் பெல்ட் பூட்டினார். ஆனால் அப்பாவின் இடுப்புப் பிடித்துக்கொண்ட பிறகு அதை இயக்கியது நீதான். பாவாடையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஒரு கையால் லீவரைத் தூக்கி, மறுகையால் கைபிடியைச் சுழற்றுவாய். இரண்டு பக்கத்து இரும்புச் சக்கரச் சில்லுகளும் வேகமெடுத்ததும் லீவரை விட்டுவிட்டுக் கைபிடியை உருவிக்கொண்டு ஒதுங்குவாய். குழாயால் ஒரு கறுப்பு வளையம் மேலே போகும். பிறகு அந்தச் சத்தம். டுக், டுக், டுக் என்று ஊர் முழுக்கக் கேட்கும். மேலே திறந்திருந்த தண்ணீர்ப் பெட்டி கொதிக்கத் தொடங்கியதும் முட்டைகளைச் சீலைத் துண்டில் முடிந்து அதற்குள் இறக்குவாய். எண்ணெய் மணக்கும் அந்த முட்டைகளை நாம் எவ்வளவு ஆசையாகத் தின்றோம்.

பிறகு உன் கல்யாணப் பேச்சு வந்தது. எங்கள் வழக்கப்படி வீடும் வளவும் மூத்தவளான உனக்கு. அவனுடைய ஆட்களுக்கு அது போதவில்லை. "எஞ்சினையும் சேத்துத்தான் சீதனம்" என்றார்கள். அப்பா நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நீ குசினி வாசலில் நின்று சொன்னாய். "குடுங்கப்பா. நான் இருக்கிற வீட்டிலதானே அதுவும் இருக்கப்போகுது."

கல்யாணம் முடிந்து வந்தவனுக்கு அதை இயக்கிப் பார்க்க ஆசை. நீ சொல்லிக் கொடுக்க வந்தாய். "பொம்பிளை எனக்குப் படிப்பிக்க வேணாம்" என்றான். கைபிடியை நேரத்துக்கு உருவவில்லை. அது திருப்பி அடித்ததில் மணிக்கட்டு முறிந்தது. நெல்லோடு வந்து நின்ற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அன்றைக்கு விழுந்த பெயர்தான் எஞ்சின் மாப்பிள்ளை. கை சுகமான பிறகும் அவன் அதற்குக் கிட்டப் போகவில்லை. யாராவது மூட்டையோடு வந்தால் அவனைத் தாண்டிப் பார்த்து, "எஞ்சின் ஓட்டிற புள்ள இல்லையா?" என்று கேட்பார்கள். அது அவனுக்கு எப்படிக் குத்தியது என்று எனக்குத் தெரியும். நான் அவன் முகத்தைப் பார்த்திருக்கிறேன். நீ பார்க்கவில்லை. உனக்கு வேலை இருந்தது.

கரண்ட் இல்லாத அந்தச் சண்டை வருசங்களில் சுற்றுவட்டாரத்துக்கே உன் கொட்டில்தான் மில். டீசல் கிடைக்காத நாட்களில் மண்ணெண்ணெயைக் கலந்து ஓட்டினாய். வதனியை வயிற்றில் வைத்துக்கொண்டும் ஓட்டினாய். ஆட்கள் உனக்குப் பொலி சொல்லி வாழ்த்திவிட்டுப் போனார்கள். அவன் சந்தியில் போய் உட்கார்ந்திருந்தான்.

வதனிக்குக் காய்ச்சல் கடுமையாகி நாம் இருவரும் மட்டக்களப்பு ஆசுபத்திரியில் இருந்த நேரத்தில், உழவு மெசினும் ஆட்களும் கொண்டுவந்து எஞ்சினைக் கழற்றிக்கொண்டு போனான். நாம் திரும்பி வந்தபோது கொட்டிலில் சீமெந்துக் கட்டும் போல்ட்டுகளும் மட்டும் இருந்தன. நீ பிள்ளையை என்னிடம் தந்துவிட்டுக் கட்டின் மேல் போய் இருந்தாய். அழவில்லை. கடைசியில், "ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம்" என்றாய்.

அவன் கல்குடாப் பக்கம் ஒருத்தியோடு இருக்கிறான், ரோட்டோரத்தில் மில் போட்டிருக்கிறான் என்று மெல்ல மெல்லத் தெரிய வந்தது. சோதனைச் சாவடிகளில் இறங்கி ஏறி நாம் இருவரும் போனோம். பஸ்ஸை விட்டு இறங்கும்போதே அந்தச் சத்தம் கேட்டது. நீ என் கையைப் பிடித்தாய். உள்ளே சனம் நின்றது. நெல் அளந்துகொண்டிருந்தவன் நிமிர்ந்து பார்த்தான். "எஞ்சினைத் தாங்க, நீங்க எங்க வேணுமெண்டாலும் இருங்க" என்றாய். நீ கேட்டது அவ்வளவுதான். அவன் சனத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு சொன்னான். "நான் சீதனமா வாங்கினது எஞ்சினைத்தான். உன்னை இல்ல."

சில பேர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை நான் மறக்கவில்லை. சிரித்தவர்களின் முகம் மறந்துவிட்டது, சிரிப்பு மறக்கவில்லை. நீயோ எஞ்சினுக்குப் பக்கத்தில் போய் நின்று, புகைக் குழாயைப் பார்த்துவிட்டு, "கறுப்பா வருது. நொசிலைக் கழட்டிப் பாக்கச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாய். அந்த இடத்தில் எனக்கு உன் மேல்தான் ஆத்திரம் வந்தது. பஸ்ஸில் வைத்து உன்னைத் திட்டினேன். நீ யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு சொன்னாய். "விட்டிடு தங்கச்சி. போன சாமானைப் பாத்துக்கொண்டிருந்தா இருக்கிற புள்ளையைப் பாக்க ஏலா."

நீ விட்டாய். வேறொருவரின் மில்லில் கூலிக்குப் போனாய். உன் சொந்த எஞ்சின் கல்குடாவில் அவனைப் பெரிய மனிசனாக்கிக்கொண்டிருக்க, நீ தவிட்டுத் தூசிக்குள் நின்று சாக்குப் பிடித்தாய். இருமல் வந்தது. இருமலோடு வருசக்கணக்காய்ப் போனாய். வதனி உயர்தரம் படித்துக்கொண்டிருந்தபோது நீ போய்விட்டாய். செய்தி அனுப்பினோம். அவன் வரவில்லை. உன்னைத் தூக்கிக்கொண்டு போன பிறகு நான் அந்தச் சீமெந்துக் கட்டின் மேல் இருந்துகொண்டு, இதை விட மாட்டேன் என்று வாய்விட்டே சொன்னேன். வதனியின் ஆடு போல்ட்டில் கட்டியபடி நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகுதான் மட்டக்களப்பில் உதிரிப்பாகக் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். ஏறாவூர் முஸ்லிம் பெரியவர் ஒருவருடைய கடை, காக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். எனக்கு எத்தனையோ வேலை கிடைத்திருக்கும். நான் அந்தக் கடையைத்தான் தேடிப் போனேன். பழைய எஞ்சினுக்குச் சாமான் தேவைப்படுகிறவன் என்றைக்கோ ஒரு நாள் அங்கே வந்துதான் ஆக வேண்டும். உன் எஞ்சினுக்கு என்னென்ன தேயும், எது உடையும் என்று உன்னிடமிருந்தே எனக்குத் தெரியும். டீசலைத் தெளிக்கிற நொசில் பழுதாகித்தான் புகை கறுக்கும், அது எத்தனை நாளைக்குத் தாங்கும்?

காக்காவிடம் கதையைச் சொன்னேன். அவன் வந்து கேட்டால் இல்லை என்று சொல்லச் சொன்னேன். காக்கா தாடியைத் தடவிக்கொண்டு சாமான் தட்டுகளைப் பார்த்தார். "ராக்கையில சாமானை வச்சுக்கொண்டு இல்லெண்டு சொல்ல ஏலா புள்ள. அல்லாவுக்குப் பதில் சொல்லோணும்."

"அப்ப ராக்கையில இல்லாட்டி?"

"இல்லாட்டி இல்லத்தான்."

அந்த வகை எஞ்சினுக்குரியதை ஒவ்வொன்றாக நானே வாங்கத் தொடங்கினேன். நொசில், பிஸ்டன் ரிங், வால்வு, கடையில் எது வந்தாலும் சம்பளத்தில் கழித்துக்கொள்ளச் சொல்லி வீட்டுக்குக் கொண்டு வந்தேன். எண்ணெய் தடவி, கடதாசியில் சுற்றி, என் கட்டிலுக்குக் கீழே பெட்டியில் அடுக்கினேன். வேறு பெண்கள் நகை சேர்ப்பது போல நான் நொசில் சேர்த்தேன்.

அவன் வந்தான். தலை நரைத்திருந்தது. என்னைக் கண்டதும் கண்ணை எடுத்துக் காக்காவைப் பார்த்து எஞ்சினின் பெயரைச் சொல்லி நொசில் கேட்டான்.

"இல்ல தம்பி. போன கிழமை வரைக்கும் இருந்த" என்றார் காக்கா.

"ஆர் வாங்கினது? இந்தப் பக்கத்தில அது என்னட்ட மட்டுந்தானே இருக்கு."

காக்கா என் பக்கம் பார்க்காமல் விசிறியைப் பார்த்தார். நான்தான் சொன்னேன். "தேவையான ஆக்கள் வாங்கினது."

அவனுக்கு விளங்கியது. வெளியே இறங்கிப் போனான். பிறகு கொழும்புக்கு ஆள் அனுப்பினானாம். பொருந்தாத நொசிலைப் போட்டு, எஞ்சின் ஒரு பக்கம் உதறிக்கொண்டு ஓடியதாம். அதற்குள் ஊருக்குக் கரண்ட் வந்து, மோட்டர் மில்கள் வந்தன. உதறுகிற எஞ்சினைத் தேடி ஒருத்தனும் நெல் கொண்டு போகவில்லை. மில் பூட்டிய செய்தி கேட்ட அன்றைக்கு நான் ஒரு கிலோ இறால் வாங்கி வந்து சமைத்தேன். வதனி என்ன விசேசம் என்று கேட்டாள். சும்மா என்றேன்.

எஞ்சின் மழையில் கிடந்தது. போன வருசம் பழைய இரும்பு வாங்குகிற ஒருவர் கடைக்கு வந்து, கல்குடாவில் இரண்டு சில்லு வைத்த பழைய எஞ்சின் ஒன்று இரும்பு விலைக்குப் போகிறது என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னார். கையில் இருந்த கிளாசைக் கீழே வைத்தேன். அவர் மூலமாகவே வாங்கினேன். யாருக்குப் போகிறது என்று அவனுக்குத் தெரியாது. காத்தான்குடியில் இருந்து ஒரு மெக்கானிக் வந்து, என் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "என்ன இது, கடையையே கட்டிலுக்குக் கீழ வச்சிருக்கீங்க?" என்றார். இறுகிப் பிடித்திருந்த சில்லுகள் மாதக்கணக்கில் எண்ணெய் குடித்து ஒரு நாள் அசைந்தன.

பழைய விவசாயக் கருவிகளுக்கு ஒரு கண்காட்சி வைக்கப் போகிறோம் என்று ஒரு தம்பி எஞ்சினைக் கேட்டு வந்தார். அதன் வரலாற்றைச் சுருக்கமாக எழுதித் தந்தால் பலகையில் எழுதி வைப்போம் என்றார். எழுதிக் கொடுத்தேன். படித்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"அன்ரி, எஞ்சினைப் பற்றி மட்டும் போதுமே. இந்தக் குடும்ப விசயம்..."

"எஞ்சின் எங்க இருந்து எங்க போனது எண்டு எழுதிறதுதானே வரலாறு? அது தானா நடந்து கல்குடாவுக்குப் போகல்ல தம்பி."

கடைசியில் பெயரை மட்டும் விடச் சொன்னார். விட்டேன். கல்குடா என்று இருந்தால் போதும், பெயரைச் சனம் போட்டுக்கொள்ளும். பலகையில் இப்படி வந்தது: 'தோட்டத்தில் இருந்து வாங்கியவர் இதைத் தன் மூத்த மகளுக்குச் சீதனமாகக் கொடுத்தார். கரண்ட் இல்லாத காலத்தில் அவள் தனியாக இதை இயக்கி ஊருக்கு நெல் குத்திக் கொடுத்தாள். அவளுடைய பிள்ளை ஆசுபத்திரியில் இருந்தபோது, கணவன் இருவரையும் விட்டுவிட்டு எஞ்சினைக் கழற்றிக்கொண்டு கல்குடாவுக்குப் போனான்.'

நேற்று மெக்கானிக் எஞ்சினை இயக்கிவிட்டு ஒதுங்கி நின்ற நேரத்தில்தான் அவனைக் கண்டேன். அவனுக்குக் கண் அநேகமாகத் தெரியவில்லை. ஒரு பெண் அவன் முழங்கையைப் பிடித்து நடத்திக்கொண்டு வந்தாள். அவள்தான் அந்தக் கல்குடாக்காரி என்று பார்த்ததும் விளங்கியது. தன் பழைய எஞ்சின் கண்காட்சியில் ஓடுகிறது என்று யாரோ சொல்லி, பெருமையாகப் புறப்பட்டு வந்திருக்கிறான். சத்தம் கேட்டு அவன் முகம் மலர்ந்தது. "நம்மட எஞ்சின்தான். பலகையில என்ன போட்டிருக்கு, வாசி" என்று அவளிடம் சொன்னான்.

அவள் பெலத்து வாசித்தாள். எழுத்துக் கூட்டித்தான் வாசித்தாள். தோட்டம், சீதனம், நெல் என்று வரும்வரைக்கும் குரல் நேராக வந்தது. 'கணவன்' என்ற சொல்லில் தடக்கியது. மிச்சத்தை அவள் மெல்ல வாசித்தாள், ஆனால் நிறுத்தவில்லை. பக்கத்தில் நின்ற சனமும் கேட்டது. நான் எஞ்சினுக்கு மறுபக்கம் நின்று அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இதற்காகத்தான் அக்கா இத்தனை வருசம் நான் இருந்தேன். அவன் முகம் சாம்பலாகிப் போனதை நான் ஆறுதலாகப் பார்த்தேன். நீ கண்ணை மூடியிருப்பாய். நான் மூடவில்லை.

அந்தப் பெண் அவன் கையை விட்டாள். சுற்றிப் பார்த்து, யாரிடமோ விசாரித்து, நேரே என்னிடம் வந்தாள்.

"நீங்க அவட தங்கச்சியா?"

"ஓம்."

"உங்கட அக்கா ஆரோடயோ ஓடிப் போயிட்டா எண்டுதான் எனக்குச் சொன்னவர். புள்ளையையும் கொண்டு போயிட்டாவாம். உங்கட வீட்டாக்கள்தான் ஞாயத்தைப் பாத்து எஞ்சினை இவருக்குக் குடுத்ததாம். எங்கட ஊரில எல்லாருக்கும் அப்பிடித்தான் தெரியும்."

கொஞ்ச நேரத்துக்கு முன் வந்த சந்தோசம் முழுவதும் வடிந்து போயிற்று. உன் எஞ்சினை எடுத்தான், அது எனக்குத் தெரியும். உன் பெயரையும் எடுத்துக்கொண்டு போய் அங்கே நாறடித்து வைத்திருந்தான் என்று நேற்றுத்தான் தெரிந்தது. அன்றைக்கு மில்லில் சிரித்தவர்கள் உன்னை யார் என்று நினைத்துச் சிரித்தார்கள் என்பதும் நேற்றுத்தான் விளங்கியது.

நான் அவனிடம் போனேன். "நான் ஆரெண்டு தெரியுதா?"

"குரல் தெரியுது."

"அக்கா ஆரோட போனவ? பேரைச் சொல்லுங்க. பலகையில எழுதிறன்."

"அப்ப அப்பிடிச் சொல்ல வேண்டி வந்திட்டுது" என்றான்.

"மறுகா? அதுக்குப் பிறகு?"

"மறுகா மாத்திச் சொல்ல ஏலாமப் போச்சு."

மன்னிப்புக் கேட்பான் என்று நினைத்தேன். கேட்டால் இல்லை என்று சொல்ல ஆயத்தமாக இருந்தேன். அவன் அதையும் எனக்குத் தரவில்லை. அந்தப் பெண் அவனைத் திரும்பிப் பார்க்காமல் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பஸ் நிலையத்துப் பக்கம் நடந்தாள். அவன் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். பிறகு யாரோ போட்ட கதிரையில் இருந்தான். எஞ்சினை நிற்பாட்டிய பிறகும், சனம் கலையத் தொடங்கிய பிறகும் இருந்தான். இருக்கட்டும் என்று நானும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வதனி வேலை முடிந்து வந்து பலகையையும் அவனையும் என்னையும் பார்த்தாள். அவன் யாரென்று அவளுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நேரே போய் அவன் கையைப் பிடித்து எழுப்பினாள்.

"ஆர்ட புள்ள நீங்க?" என்று கேட்டான்.

"இந்த எஞ்சின் வீட்டுப் புள்ள" என்றாள்.

அவனைப் பஸ்ஸில் இருத்தி, கல்குடாவில் இறக்கிவிடச் சொல்லி நடத்துனரிடம் ஒப்படைத்துவிட்டு வந்தாள். "உனக்கு அவன் மேல இரக்கமா?" என்று பாய்ந்தேன். "இரக்கம் இல்ல சின்னம்மா. அந்தாள் நம்மட பக்கத்தில நிக்காமப் போய்ச் சேரட்டும் எண்டுதான்" என்றாள். அவள் சொன்னது உண்மையா என்று எனக்குத் தெரியவில்லை. முகம் கழுவப் போனவள் கிணற்றடியில் நெடுநேரம் நின்றாள். நான் கிட்டப் போகவில்லை.

இன்று காலையில் முதல் வேலையாகப் பலகை எழுதியவரைத் தேடிப் பிடித்துக்கொண்டு மைதானத்துக்குப் போனேன். கடைசியில் இன்னும் கொஞ்சம் சேர்க்க வேண்டும் என்றேன். இடம் போதாது என்றார். எழுத்தைச் சின்னதாக்கச் சொன்னேன். கண்காட்சித் தம்பி தூரத்தில் நின்று பார்த்துவிட்டு, இந்த முறை தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டார். பலகைக்காரர் எழுதி முடித்துப் பெயின்ட் காயும்வரைக்கும் நான் வெயிலில் நின்றேன். 'அவள் யாரோடும் போகவில்லை. இதே மாவட்டத்தில், தன் வீட்டில், தன் மகளை வளர்த்துக்கொண்டு, கடைசி மூச்சுவரை அங்கேயே இருந்தாள்.' கல்குடாவில் இருந்து வருகிறவர்களும் வாசிக்கட்டும். வாசிக்கத் தெரியாதவர்களுக்கு யாராவது வாசித்துக் காட்டட்டும்.

மனம் ஆறியதா என்று கேட்காதே அக்கா. ஆறவில்லை. நேற்றைக்கு ஆறியிருக்க வேண்டியது, அந்தப் பெண் வாய் திறந்ததோடு புதிதாகப் பற்றிக்கொண்டது. அவன் செத்தாலும் அது அணையும் என்று தோன்றவில்லை. உன் வீடும் வளவும் வதனியுடையவை. எஞ்சினும் இனி அவளுடையது. என்னிடம் உள்ள கொஞ்ச நகையும் அவளுக்குத்தான் போகும். இந்தக் கோபத்தை மட்டும் அவளுக்குக் கொடுக்க மாட்டேன். இது எனக்கு. என்னை எரிக்கும்போது என்னோடு சேர்ந்து எரியட்டும்.